தேயிலையில் கோப்பி பறித்தவள்

அம்மா கூடை இல்லாமல் பெரட்டுக்கு வந்த காலையிலிருந்துதான் இதைத் தொடங்க முடிகிறது. அதற்கு முன்பும் சில அடையாளங்கள் இருந்தன. ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தன் கதவு என்று எண்ணித் தள்ளிக்கொண்டு நின்றாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் களைப்புதான். களைத்தவர்களுக்கு மறதி வருவது புதிதா? நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீமையில் யுத்தம் ஓய்ந்த மறு வருஷம் அது. இலங்கையில் நமுனுகுல மலைச் சரிவில் இருந்த எங்கள் தோட்டத்தில் விடிவதற்குள் தப்பு அடிப்பார்கள். ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. பேர் கூப்பிடுகிறவன் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் என்பதால் என்னைச் சின்னக் கணக்கப்பிள்ளையாக எடுத்துக்கொண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு பழைய கறுப்புக் கோட்டும் காதில் செருக ஒரு பென்சிலும் கிடைத்திருந்தன. கோட்டைப் போட்ட முதல் நாள் அம்மா தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே வந்து தொடவில்லை. கை அழுக்கு ஒட்டிவிடும் என்றாள்.

அந்தக் காலையில் அம்மாவின் முதுகில் கூடை இல்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவள் மேலே மடித்து, இரண்டு முனையையும் செருகி, வயிற்றுக்கு முன்னால் ஒரு பை மாதிரி ஆக்கி வைத்திருந்தாள்.

"ஏங்க்கா, கூடை எங்க? கொழுந்த வாயில கவ்விக்கிட்டு வரப் போறீங்களா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"கூடையா? கோப்பிக்கு எதுக்குடி கூடை?"

களமே சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

அந்த மலையில் கோப்பி செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா திருச்சிப் பக்கத்திலிருந்து தன் அக்காவோடு வந்தது கோப்பி பறிக்கத்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பிறகு இலையின் அடியில் மஞ்சள் தூள் பூத்து, மலை மலையாகக் கோப்பி மொட்டையாய்ப் போனது. அந்த வருஷங்களின் காய்ச்சலில் அவள் அக்காவும் போய்விட்டாள். கோப்பிக் கட்டைகளுக்கு இடையில் தேயிலைக் கன்று வைத்தார்கள். அம்மா தேயிலைக்குப் பழகி, கல்யாணம் முடித்து, என் அக்காவையும் என்னையும் பெற்று, அப்பாவைப் பறிகொடுத்து, என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் தேயிலைக் காலத்தில்தான்.

கொழுந்து பறிப்பதற்கு விரல் நுனி போதும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிய வேண்டும். கீழே உள்ள முற்றிய இலையைத் தொடக்கூடாது. அதுதான் செடிக்கு உயிர். கோப்பி அப்படியல்ல. பழம் கொம்போடு ஒட்டிக் காய்க்கும். கொம்பை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, மறு கையை அடியிலிருந்து நுனிவரை ஓட்டி உருவ வேண்டும். பழம் மடியில் விழும். அம்மா அன்று மலையில் ஏறி நின்று தேயிலைச் செடியை அப்படி உருவினாள். அடியிலிருந்து நுனிவரை. ஐந்தாறு செடி குச்சியாய் நின்ற பிறகுதான் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த என் அக்கா பார்த்தாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணமாகி எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் வாயைக் கண்டு கங்காணிமாரே ஒதுங்கிப் போவார்கள். அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. உருவிய இலையை மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடினாள். சாயங்காலம் என்னிடம் வந்து, "இனி அம்மாவுக்கு என் பக்கத்து நிரையவே குடு. கேள்வி கேக்காத" என்றாள்.

கொடுத்தேன். இரண்டு மூன்று மாதம் அக்கா இரண்டு பேர் கொழுந்தைப் பறித்தாள். அம்மாவின் கை கீழே இறங்கும்போதெல்லாம் தட்டிவிடுவாள். அப்படியிருந்தும் ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது அம்மா நழுவி, வண்டிப் பாதையை ஒட்டிய நிரைக்குப் போய்விட்டாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து பார்த்தபோது ஒரு நிரை முழுவதும் மொட்டையாய் நின்றது.

துரை என்னைக் கூப்பிட்டார். எங்கள் துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"கணக்கப்பிள்ளை, இது என்ன?"

"பூச்சிங்க தொரை."

"பூச்சி." அவர் குதிரையிலிருந்து குனிந்து ஒரு கொம்பைத் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பூச்சிக்கு எத்தனை கை?"

பெரிய கங்காணி, எங்கள் ஆட்களுக்கெல்லாம் தலைவர், பின்னால் நின்று தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார். "இவரு அம்மாதாங்க. புத்தி கொஞ்சம் பிசகிப் போச்சு."

துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கு. கொழுந்து மலையில இனி ஒரு செடி போச்சு, அந்தச் சீட்டோட அவளைக் கொழும்புக்கு அனுப்பணும். விளங்குதா?"

விளங்கியது. கொழும்பு என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. எங்கள் லயங்களிலிருந்து அங்கே போனவர்கள் இரண்டு பேர். திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. பண்டாரவளைவரை வண்டியில் கொண்டுபோய் ரயிலில் ஏற்றினால், பிறகு பார்ப்பதற்குக்கூட எங்களால் போக முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நானே சரிபண்ணிவிடலாம் என்று ஒரு எண்ணம் எனக்கு வந்தது. வாய்ப்பாட்டை எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படி. தினமும் வேலை விட்டு வந்ததும் அம்மாவை அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்பேன். இது என்ன செடி? தேயிலை. கோப்பி எங்கே? செத்துப்போச்சு. நான் யார்? இது யார்? படித்தவன் என்ற திமிர் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது பாசம் என்றே நினைத்தேன்.

கோட்டைப் போட்டிருந்தால் அம்மா என்னை "ஐயா" என்றாள். கழற்றி மாட்டினால் "தம்பி" என்றாள். ஊரில் விட்டு வந்த தன் தம்பி என்று எண்ணம். மகன் என்று மட்டும் வரவில்லை. என் அக்காவைத் தன் அக்கா என்று எண்ணி "அக்கா" என்றாள்.

"என்னையப் பெத்தவ என்னைய அக்காங்கிறா. இருக்கட்டும், மரியாத கூடியிருக்கு" என்று அக்கா சிரிப்பாள். என்னால் அப்படி விட முடியவில்லை.

"அம்மா, இது உன் அக்கா இல்ல. உன் மக. உன் அக்கா காய்ச்சல்ல செத்துப்போச்சு. சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். "செத்துப்போச்சா? எப்ப? என்கிட்ட யாரும் சொல்லலியே?" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அது மெல்ல ஓய்ந்து மறந்துபோகும். மறுநாள் நான் திரும்பவும் பாடம் எடுப்பேன். திரும்பவும் புதிதாகக் கேட்பது போல அழுவாள். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ அக்கா கையிலிருந்த அகப்பையால் என் தோளில் ஒரு போடு போட்டாள்.

"ஏண்டா, நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். தினமும் என்னைய ஒரு தடவ சாகடிக்கிற. அவளை ஒரு தடவ ஒப்பாரி வைக்க வைக்கிற. இதுதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

பாடம் அன்றோடு நின்றது. லயத்தில் பெரியவர்கள் பேய் என்றார்கள். கோயில் பூசாரியை அழைத்து வேப்பிலை அடிக்கலாம் என்றார்கள். அக்காவுக்குக்கூட அரைமனசு இருந்தது. நான் ஆஸ்பத்திரி என்றேன். ஒரு சனிக்கிழமை, தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டியில் இடம் கேட்டு அம்மாவை உட்கார வைத்து, நான் பக்கத்தில் நடந்தேன்.

பதுளைக்கு இறங்கும் வழியில் ஒரு சிங்களக் குடியானவரின் வீட்டு வளவு. வேலி ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கோப்பிச் செடி பழுத்து நின்றது. நான் கவனிக்கவே இல்லை. மாடுகள் தண்ணீர் குடிக்க நின்ற நேரம் வண்டிக்காரர், "தம்பி, ஒங்கம்மா" என்றார். திரும்பினால் அம்மா வேலிக்குள் நின்றாள். சேலையை மடியாக்கியிருந்தாள். இடது கையால் கொம்பை வளைத்தாள். வலது கை ஓடியது. பச்சைக் காய் ஒன்றுகூட உதிரவில்லை. சிவந்தது மட்டும் மடியில் விழுந்தது. ஒரு இலை கிழியவில்லை. அடுத்த கொம்பு, அடுத்த கொம்பு. பாதை தெரியாமல், கதவு தெரியாமல் தடுமாறுகிற என் அம்மா அந்த வேலிக்குள் எதையும் தேடவில்லை. எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்காரி வெளியே வந்தாள். நான் கையைக் கூப்பினேன். அவள் அம்மாவின் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சிங்களத்தில் சொன்னாள். கூடை ஒன்றையும் எடுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்தாள். அம்மா அதில் மடியைக் கொட்டினாள். வேலை முடிந்தவள் போல வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் வரிசை நீளமாக இருந்தும் அவர் அவசரப்படவில்லை.

"தாய்க்கு என்ன வயசு?"

"சரியாத் தெரியாதுங்க. அம்பத்தஞ்சு இருக்கும்."

"அவ்வளவுதானோ? கிழடெண்டு சொல்ல ஏலாதே." அம்மாவிடம் திரும்பினார். "அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?"

"கிழமையெல்லாம் கணக்கப்பிள்ளைமாரத்தான் கேக்கணுங்க. எங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்."

டாக்டர் சிரித்தார். "கெட்டிக்காரி. சரி, இவர் ஆர்?" என்று என்னைக் காட்டினார். நான் கோட்டுப் போட்டிருந்தேன்.

"ஐயாங்க."

"என்ன ஐயா?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல ஐயா. அடிக்க மாட்டாரு."

டாக்டர் ஒரு சாவி, ஒரு நூற்கண்டு, ஒரு கரண்டி மூன்றையும் காட்டி, பேர் சொல்லச் சொல்லி, மேசைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் அவள் ஊரைப் பற்றிக் கேட்டார். காவிரிக் கரை, ஊர் மாரியம்மன் கோயில், இராமேஸ்வரத்துக் கடலைப் பார்த்து அக்காவுக்கு வந்த வாந்தி என்று எல்லாம் வந்தது, எனக்கே சொல்லாதவை. பிறகு, "நான் என்னென்ன சாமான் காட்டினனான்?" என்றார்.

"நீங்க எங்கங்க காட்டினீங்க?" என்றாள் அம்மா. பொய் சொல்கிற முகம் இல்லை.

டாக்டர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். "தம்பி, நீர் படிச்சனீர் போல இருக்கு. சொன்னால் விளங்கும். இது பேயுமில்லை, பைத்தியமுமில்லை. ஈரலுக்கு வருத்தம் வாற மாதிரி மூளைக்கு வந்திருக்கிற வருத்தம். நான் கொழும்பில படிக்கேக்க செத்த ஆக்களின்ர மூளையைக் கையில எடுத்துப் பாத்திருக்கிறன். நல்ல மூளை மண்டைக்குள்ள நெருக்கிக்கொண்டு இருக்கும். இப்பிடி மறதி வந்து செத்த ஒருத்தரின்ர மூளை சுருங்கிப்போய், மடிப்புக்கு மடிப்பு விலகிக் கிடந்தது. சீமையில பெருப்பிச்சுக் காட்டுற கண்ணாடி வைச்சுப் பாத்தவை, உள்ளுக்குள்ள குப்பை மாதிரி ஏதோ திரண்டு கிடக்குது எண்டு எழுதியிருக்கினம். ஏன் திரளுது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"மருந்துங்க?"

"இல்லை."

அவர் சட்டென்று சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுவரை எல்லாரும் ஏதாவது ஒரு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க கோப்பி? முப்பது வருஷமா கொழுந்து எடுத்தவங்க."

"புதிசா வந்து சேர்ந்தது முதல்ல அழியும். முந்தி வந்தது கடைசியா அழியும். இப்ப அவவுக்குத் தேயிலை இல்லை. நீரும் இல்லை. கோவிக்கக் கூடாது. அவ இருக்கிற வருஷத்தில நீர் இன்னும் பிறக்கேல்லை."

நான் பிறக்கவில்லை. அதுதான் விஷயம் என்று தோன்றியது. என்னை மறந்துவிட்டாள் என்று அத்தனை நாள் குமைந்துகொண்டிருந்தேன். மறப்பதற்கே நான் இன்னும் வரவில்லை.

"கோப்பியும் போகுமாங்க?"

"போகும். பிறகு நடை, பிறகு விழுங்கிறது. எத்தனை வருஷம் எண்டு சொல்ல மாட்டன்." அவர் ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி மடித்தார். "இது உங்கட துரை கேட்ட சீட்டு. குடுக்கிறதும் குடுக்காததும் உம்மட பாடு. அங்க அனுப்பினாலும் இதுக்கு மருந்தில்லை. பாதுகாப்பு மட்டும்தான்."

சீட்டைக் கோட்டின் உள்பையில் வைத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அது கையில் வந்ததும் என் தோள் கொஞ்சம் இறங்கியது. வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது என்று.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு அம்மாவை வீட்டில் விட்டுப் போகவும் வழியில்லாமல் இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போனால் கோப்பிக்கு நேரமாச்சு என்று கதவை உடைத்தாள். திறந்துவிட்டால் கண்ணில் பட்ட முதல் மலையில் ஏறிவிடுவாள். முதல் மலை கொழுந்து மலை. அக்கா ஒரு நாள் அவள் காலைக் கயிற்றால் கட்டிலில் கட்டிவிட்டு மலைக்கு வந்தாள். சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து அடுப்பில் போட்டாள்.

கயிறு எரிந்த அந்த நேரத்தில்தான், மறுநாள் ஆட்களை எங்கெங்கே பிரிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அது தட்டியது. தேயிலைச் செடியை அப்படியே வளரவிட்டால் மரமாகிவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கத்தியால் இடுப்பளவுக்குக் கீழே வெட்டிச் சமன் செய்வார்கள். அதற்குக் கவ்வாத்து என்று பேர். வெட்டு விழும்போது இலையெல்லாம் எப்படியும் மண்ணுக்குத்தான் போகும். எந்த மலை எப்போது கவ்வாத்துக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும்; ஆளைப் பிரிக்கிறவனே நான்தானே.

"அக்கா, கவ்வாத்துக்குப் போற மலையில உருவினா யாருக்கு என்ன?"

அக்கா என்னை முறைத்தாள். "இதக் கண்டுபுடிக்கவா ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போன?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் முதல் அம்மாவைக் கவ்வாத்துக்காரர்களுக்கு முன்னால் விட்டேன். அவள் உருவிக்கொண்டு முன்னே போவாள். பின்னால் ஆண்கள் வெட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் முணுமுணுத்தார்கள். இலை இல்லாத செடியில் கிளை தெளிவாகத் தெரிகிறது, கத்தி தப்பாமல் விழுகிறது என்று கண்டதும் பேச்சு மாறியது.

"ஐயா, ஒங்கம்மா செடிக்குச் சவரம் பண்ணி விடுறாங்க. நாங்க முடி வெட்டுறோம். நல்ல கூட்டு" என்றார் ஒருவர்.

சாயங்காலம் அம்மா மடி நிறைய முற்றின தேயிலையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டுவாள்.

"பழம் இன்னும் பிஞ்சா இருக்குங்க ஐயா. ரெண்டு வாரம் விட்டிருக்கலாம்."

"தொரைக்கு அவசரம்மா."

"ஆமா, தொரைக்கு எப்பத்தான் அவசரமில்ல" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் எந்தக் குறையும் இருக்காது. கேட்கிற யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள்.

துரைக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? ஒரு நாள் கவ்வாத்து மலைக்கே வந்து குதிரையை நிறுத்தினார். அம்மா உருவுவதைப் பார்த்தார். வெட்டிய கிளைகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "வெட்டுற மலையில மட்டும். கூலிக்குப் பேர் போடாதே. கொழுந்து மலையில ஒரு செடி போனாலும் சீட்டை எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கவ்வாத்து ஒரு இடத்தில் நிற்காது. ஒரு மாதம் லயத்துக்குப் பக்கத்து மலை, அடுத்த மாதம் ஆற்றுக்கு அப்பால். பெரட்டு முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுபோய் விட வேண்டும், கொழுந்து மலை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு. மழையில் அட்டை ஏறும். அவளுக்குப் பிடுங்கத் தெரியாது, நின்று என் கால்களையும் அவள் கால்களையும் பார்த்துப் பிடுங்க வேண்டும். வழி முழுவதும் ஒரே கேள்வி.

"கோப்பி எந்தப் பக்கம் ஐயா?"

"அந்தாப் பக்கம்மா."

பத்து அடி போனதும், "கோப்பி எந்தப் பக்கம் ஐயா?"

ஒரு நாள், காலையிலேயே பெரிய கங்காணியிடம் ஏச்சு வாங்கியிருந்தேன், மழை விடவில்லை, எத்தனையாவது தடவையோ அவள் கேட்டாள். நான் கையை உதறினேன். "கோப்பி இல்ல! செத்துப்போச்சு! எல்லாம் செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

அம்மா நின்றாள். "எப்ப?" என்றாள். பிறகு பாதையிலேயே குந்தி அழுதாள். கொஞ்ச நேரத்தில் எதற்கு அழுகிறோம் என்பது மறந்துவிட்டது. ஆனால் அழுகை நிற்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "ஏன் ஐயா நான் அழுறேன்?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுவதும் அப்படியே இருந்தாள். காரணம் போய்விடும், துக்கம் போகாது என்று டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. அதை நானே படித்தேன்.

சீட்டு உள்பையிலேயே இருந்தது. மழையில் நனைந்து, காய்ந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. பண்டாரவளைக்கு வண்டி போகிறது என்று கேள்விப்பட்ட சில நாட்களில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அக்காவிடம், "முடியலக்கா" என்றேன். "எனக்கு மட்டும் முடியுதா?" என்றாள் அவள். அவள் கஞ்சி ஊற்றினாள், நான் குடித்தேன்.

போன வருஷம் ஆற்றுக்கு அப்பால் மலையில் கவ்வாத்து நடந்தபோது, வெட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். அம்மா ஒரு செடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மடி கட்டியிருந்தது, அக்கா காலையில் கட்டிவிட்டது. இரண்டு கையும் செடிக்கு மேல் விரிந்து நின்றன. தொடவில்லை. வெட்டுகிறவர்கள் அந்தச் செடிவரை வந்து, கத்தியைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அம்மா, கோப்பி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. நான் கோட்டைக் கழற்றி வெட்டுகிறவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கொம்பை வளைத்துப் பிடித்து, அந்த வேலி ஓரத்தில் அவள் செய்தது போல அடியிலிருந்து நுனிவரை உருவிக் காட்டினேன். எனக்கு வரவில்லை, பாதி இலை கிழிந்தது. அம்மா என் கையைப் பார்த்தாள். ஏதோ வேற்று ஊர் வழக்கத்தைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள். அடுத்த கொம்பையும் உருவினேன். ஒரு செடியை முழுவதும் நானே உருவினேன். பிறகு அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு கதவைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. திறந்தே கிடந்தாலும் அவள் வெளியே போவதில்லை. உட்கார வைத்த இடத்தில் இருந்தாள். தப்பு அடித்தால்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த மாசியில் துரை பெரட்டுக் களத்துக்கு வந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உன் அம்மா இப்ப செடி உருவுறதில்லையா?"

"இல்லைங்க தொரை."

"கொழுந்து மலைக்கு வர்றதில்லை?"

"வர்றதில்லைங்க."

"அப்ப நல்லாயிருச்சு."

அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். முகத்தில் தெரிந்தது. சீட்டு என் நெஞ்சுக்கு நேரே உள்பையில் இருந்தது. அவர் அதைக் கேட்கப்போவதில்லை, இனி எப்போதும் கேட்கப்போவதில்லை என்று புரிந்தது.

"ஆமாங்க தொரை, நல்லாயிருச்சு" என்றேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் வைத்தால், விழுங்கு என்று தொண்டையைத் தடவிவிட வேண்டும். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"தொரை கூப்பிட்டாராமே. என்னவாம்?"

"அம்மாவுக்கு நல்லாயிருச்சாம்."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கரண்டியிலிருந்த கஞ்சி தரையில் சிந்தியது. எனக்கும் வந்துவிட்டது. என்னவென்றே தெரியாத சிரிப்பு.

நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். வாயிலிருந்த கஞ்சி நாடி வழியாக இறங்கியது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்தாள்.